கல்லோடு வந்தவை

பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பாதிப் பேச்சு களையெடுப்பாகத்தான் இருக்கும். எந்த மீன் அழகு, எந்த விளக்கு நல்லது என்பதெல்லாம் புதிதாகத் தொடங்கியவர்களின் கவலை. பழகியவர்கள், கல்லில் ஒட்டிக்கொண்டு தானாக வந்து சேர்ந்தவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பொந்தில் இருக்கிறது, எதைச் சுரண்டினார்கள், சுரண்டிய இடத்தில் மறுபடி எத்தனை முளைத்தது என்று. எப்போதும்வென்றானில் மானாவாரிப் புஞ்சை வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதாகத் தோன்றாது. அருகு விழுந்த கரிசலைப் பற்றிச் சம்சாரிகள் பேசுவதும் இதே சலிப்போடுதான். கொழு பட்டுக் கண்டம் கண்டமாகும் அருகின் ஒவ்வொரு கணுவும் தனி வேர் விடும். உழ உழப் பெருகும் களை அது.

இந்த ஊரில் கடல் கிடையாது. தூத்துக்குடிக்குப் போகும் நாற்கரச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இங்கே ஒருவன் வீட்டுக்குள் கடல் வைத்திருக்கிறான் என்றால் ஊர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். என் மைத்துனன் அப்படிப் பார்க்கப்படுகிறவன். நாலடிக் கண்ணாடித் தொட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்த பாக்கெட் கடலுப்பு, ராப்பகலாக ஓடும் பம்ப். கோடையில் வெளியே நாற்பது டிகிரியைத் தொடும்போது தொட்டிக்குள் இருபத்தாறைத் தாண்டவிடாமல் இழுத்துப் பிடிக்கும் குளிர்விப்பான். கரண்ட் போனால் அவன் முகத்தில் ஓடும் கலவரத்தை மழைக்காக வானம் பார்க்கும் சம்சாரியின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். கோமாளி மீன் ஒரு சோடி உண்டு. பண்ணையில் பொரித்து வளர்த்தவை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்த வித்தையைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் இப்போது கடலில் வலைபோட்டுப் பிடிக்கவேண்டிய அவசியமில்லை. கல் போல இறுகி வளரும் பவளம் எதுவும் அவனிடம் இல்லை. 2001-இல் எல்லாக் கல்பவளங்களையும் கடல்விசிறிகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சேர்த்துவிட்டார்கள். அதை மீறி வைத்திருப்பவர்கள் இல்லாமல் இல்லை. இவன் அந்த ரகம் அல்ல. கல்லுக்குப் பதில் வார்த்துச் செய்த பாறை, அதன்மேல் சென்னைக் கடையொன்றில் வாங்கிய, பவளத்துக்கு உறவான பொத்தான்பூ ஒரு கொத்து.

அந்தக் கொத்து ஒட்டியிருந்த விரல்கட்டை அளவுக் கல்லின் அடிப்பக்கத்தில்தான் அது வந்தது. உளுந்தம்பருப்பு அளவில், பழுப்பாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒன்று. ஐப்டேசியா என்று பெயர். கடற்சாமந்தி இனம், பவளத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். முதலில் அவனுக்குச் சந்தோஷம். காசு கொடுக்காமல் ஒரு பூ. மூன்று நாலு மாதத்தில் தொட்டியின் பின்கண்ணாடி, பம்பின் வாய், பொத்தான்பூக்களின் இடுக்கு என்று எங்கு பார்த்தாலும் அதுவே. அதன் கைகளில் இருக்கும் கொட்டும் செல்கள் பட்டுப் பொத்தான்பூக்கள் ஒரு பக்கமாகச் சுருங்கத் தொடங்கின.

விரலால் பிடுங்கப் போனேன். தடுத்துவிட்டான்.

“மச்சான், கை வைக்காதீங்க. பிய்ச்சா அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். அது ஒவ்வொண்ணும் ஒண்ணா எந்திரிக்கும்.”

அது உண்மை. ஐப்டேசியா இடம் நகரும்போதே அடிப்பாதத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் சில நாட்களில் வாயும் கைகளும் வைத்த முழு உயிராகிவிடும். கத்தியால் சுரண்டுகிறவர் விதைக்கிறவராகிறார். இதில் இன்னொரு கூத்து உண்டு. தொட்டிக்காரர்கள் சபிக்கும் இதே பிராணியை உலகத்தின் பல ஆய்வகங்களில் செல்லம் கொடுத்து வளர்க்கிறார்கள். பவளத்தைப் போலவே இதன் உடம்புக்குள்ளும் ஒளியில் உணவு சமைக்கும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. எலும்புக்கூடு கிடையாது, எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், வேகமாகப் பெருகும். கடல் சூடானால் பவளம் ஏன் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகிறது என்பதைக் கண்டறிய இதைவிடத் தோதான உயிர் இல்லை. 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். தொட்டியில் இதைக் களையாக்கும் அதே குணங்கள்தான் அங்கே இதற்கு மரியாதை வாங்கித் தருகின்றன.

கொல்லும் முறையைப் பார்த்தேன். மருந்துக்கடை ஊசிக்குழாய். அதில் கெட்டியாகக் குழைத்த சுண்ணாம்பு. வெளிநாட்டு டப்பாவில் ஜெர்மன் பெயரோடு விற்கும் தூளும், என் மாமியாரின் வெற்றிலைச் செல்லத்தில் இருப்பதும் வேதியியல் கணக்கில் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. செல்லத்தில் இருப்பதில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாததால் அதைத் தொட்டியில் விடாமல் டப்பாவுக்குக் காசு கொடுக்கிறான், அது சரிதான். முதலில் பம்பை நிறுத்தினான். தண்ணீர் அசைவு நின்று எல்லாம் கண்ணாடிக்குள் உறைந்த மாதிரி ஆனது. ஊசிமுனையை மிக மெதுவாக, நிழல்கூட விழாதபடி பக்கவாட்டில் கொண்டுபோனான். ஆட்டம் உணர்ந்தால் அது சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு வெளியே வராது. வாய்க்கு நேரே ஒரு சொட்டு. தீனி என்று நினைத்துக் கைகள் உள்பக்கமாக மடிந்து அந்த வெள்ளைக் குழம்பை அணைத்து விழுங்கின. பிறகு தண்டு ஒருமுறை முறுக்கிக்கொண்டது. பழுப்பு வெளுத்துச் சளிபோல் ஆனது. மேலே இன்னொரு பூச்சுப் பூசிப் பொந்தையே அடைத்தான். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் செய்யமாட்டான். சுண்ணாம்பு கூடினால் தொட்டியின் காரத்தன்மை ஏறி மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அந்தச் சொட்டைப் பார்த்தபோது எனக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் அந்தக் கடலில் பவளம்தான் சுண்ணாம்பு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருக்கும் தீவுகளைச் சுற்றிக் கடப்பாரையால் பாறையை உடைத்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டுமானத்துக்கும் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் அது போனது. 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனபிறகும் ஓயவில்லை. 2001-இன் சட்டத்துக்கும் 2004-இன் சுனாமிக்கும் பிறகு, 2005 வாக்கில்தான் நின்றது. இருபத்தோரு தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான்தீவு தேய்ந்துகொண்டே வந்து, இப்போது அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுக்கவேண்டிய நிலை. உடைத்து எடுத்த இடத்தில் மிஞ்சியது சல்லிமேடு. வேரூன்ற இடம் தேடி அலையும் எதற்கும் அப்படியொரு சல்லிமேடு போதும்.

களை என்பது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கரிசலில் நிற்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மக்காச்சோளமும் அங்கிருந்து வந்ததுதான், சூரியகாந்தியும் அப்படியே. யாரும் அவற்றை விரட்டவில்லை. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணின் கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல ரகங்களைத் தேர்ந்து கொடுத்தது. இன்று அந்தப் பருத்தியைக் காட்டில் தேடவேண்டியிருக்கிறது, வந்த பருத்திகளே எங்கும். நம் கை இல்லாமல் பிழைக்கத் தெரியாததைப் பயிர் என்கிறோம். நம் கையை மீறிப் பிழைத்ததைக் களை என்கிறோம். தொட்டியிலும் இதே கணக்குத்தான். பச்சை நட்சத்திரப் பூ, மூடி மூடித் திறக்கும் ஸீனியா போன்ற மென்பவளங்களைப் பலர் காசு கொடுத்துத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஒரு வருஷத்தில் அவை பாய் விரித்த மாதிரிப் பாறை முழுவதும் படர்ந்து மற்றதை மூடியபிறகு, சுரண்டி எடுத்து வாளியில் போடுகிறார்கள். அடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கவும் செய்கிறார்கள். வாங்குகிறவர் சந்தோஷப்படுகிறார்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். பொத்தான்பூக்களில் பாலித்தோவா என்ற வகைகளுக்குள் இருக்கும் பாலிடாக்சின், இயற்கையில் தெரிந்த கொடிய நஞ்சுகளில் ஒன்று. ஹவாய்த் தீவுகளில் பழங்குடிகள் ஒரு குறிப்பிட்ட குட்டையின் ‘பாசி’யை ஈட்டிமுனையில் தடவினார்கள் என்று வழங்கிய கதையைத் தேடிப்போய், 1971-இல் அங்கே இருந்த ரசாயன ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். வேண்டாத பூவை ஒழிக்கிறேன் என்று கல்லை அடுப்பில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் வீட்டார் மட்டுமல்ல, உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனைக்குப் போகவேண்டியதாயிற்று. கொதிக்கவைக்கக்கூடாது, காய்ந்த கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது.

சுண்ணாம்புச் சொட்டைவிட நல்ல வழி, தின்கிற ஒன்றைக் கொண்டுவருவது. பெர்கியா என்ற சின்னக் கடல்நத்தை, ஓடில்லாதது, ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தீர்ந்ததும் பட்டினியில் அதுவும் தீர்ந்துவிடும். தென்தமிழ்நாட்டுக்கு இந்த வைத்தியம் பழையது. சப்பாத்திக்கள்ளியின் கதையைச் சொல்கிறேன்.

கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன்மேல் வாழும் பூச்சியை நசுக்கினால் கிடைக்கும் சிவப்புச் சாயத்தில் ஸ்பெயின்காரன் கொழுத்துக்கொண்டிருந்த காலம். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கும் ஆசை வந்தது. மதராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலின் ரியோவிலிருந்து நீல்சன் என்ற கேப்டன் கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது சாயப்பூச்சி அல்ல, அதன் காட்டுச் சொந்தம். சாயம் சப்பையாக இருந்தது. ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துவிட்டு, 1830-களின் நடுவில் களைநாசினியாகவே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். களையை அழிக்கத் தெரிந்தே பூச்சியை விட்ட முயற்சிகளில் உலகத்திலேயே முந்தியவற்றில் ஒன்று இது. ஆனால் அந்தப் பூச்சிக்கு ஒரு வகைக் கள்ளிதான் ருசி. முள் அதிகமுள்ள மற்றொரு வகையை அது திரும்பிப் பார்க்கவில்லை. அது காடுமேடெல்லாம் நிறைந்து, மாடு போக வழியில்லாமல் ஆனது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தபிறகுதான் அந்த இரண்டாவது கள்ளியும் மடங்கியது. இரண்டு பூச்சிகளுக்கும் பார்வைக்கு அதிக வித்தியாசம் இல்லை. எது எதைத் தின்னும் என்பதை ஆராய்ந்து பார்க்கிற பொறுமைதான் வித்தியாசம். தொட்டிக்குள் ஐப்டேசியா தின்னும் என்று வாங்கி விடப்படும் வண்ணத்துப்பூச்சி மீன் பல சமயம் பொத்தான்பூவையும் குழாய்ப்புழுவையும் தின்றுவிட்டு ஐப்டேசியாவைச் சும்மா விடுவதைத் தொட்டிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆண்டர்சனின் கூட்டம் அது.

கள்ளி போன வேலியோரங்களில் இன்று சீமைக்கருவேலம். அதைப்பற்றி எழுதாத கரிசல்காரர் இல்லை என்பதால் நான் ஒரு பத்தியோடு விடுகிறேன். ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து 1877-இல் கடப்பைப் பக்கம் விதைத்தவர் சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம். 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வெட்டி எறியச் சொன்னது. அதே வருஷம் சென்னை அமர்வு, நிபுணர்கள் ஆராயட்டும் என்று நிறுத்திவைத்தது. நடுவில் ஜேசிபிகள் ஓடின. தூரோடு எடுக்காத மரம் மறு மழைக்கே தழைத்தது. மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடித்தவர்களை நான் கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் நீதிமன்றத்தில் எழுதப்படவில்லை.

கடலுக்குள் நடந்தது இன்னும் வேடிக்கை. கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் கராஜீனன் அதிலிருந்து கிடைக்கிறது. பவநகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1984-இல் ஜப்பான் வழியாக அதை இங்கே கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு ராமநாதபுரம் கரையில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பில் இறங்கியது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்ப்பார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் கையில் காசு புழங்கியது. அந்தக் கரையில் அதற்கு இன்றும் ‘பெப்சி பாசி’ என்றுதான் பெயர். 2005-இல் அரசு, மன்னார் வளைகுடாவை விட்டுத் தள்ளி வளர்க்கச் சொல்லி ஆணை போட்டது. 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள்மேல் அந்தப் பாசி மெத்தை விரித்திருப்பதை ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். மெத்தைக்கு அடியில் வெளிச்சம் போகாது, பவளம் செத்தது. பிறகு பக்கத்துத் தீவுகளிலும் கண்டார்கள். இந்தப் பாசி இங்கே வித்து மூலம் பெருகாது, ஆகவே பரவாது என்று சொல்லப்பட்டது. வித்து தேவையே இல்லை. கைப்பிடி அளவு துண்டு பாறை இடுக்கில் சிக்கினால் போதும். வனத்துறை மீனவர்களை வைத்துக் கையால் பிடுங்குகிறது, பிடுங்கும்போது நழுவும் துண்டு அடுத்த பாறைக்குப் போகிறது. பாசி வளர்த்துப் பிழைக்கும் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். நிபந்தனையைக் கடிதத்தில் எழுதி, கண்காணிப்பைக் கடலலைக்கு விட்டவர்களைக் குறை சொல்வேன்.

மன்னார் வளைகுடாவிலேயே பதிவாகியிருக்கும் இன்னொரு விருந்தாளி கரிஜோவா, பனிப்பூப் பவளம் என்பார்கள். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிப் பயணம் செய்யும் மென்பவளம். 1860-இல் கரீபியக் கடலில் கிடைத்ததை வைத்து விவரித்ததால் அது கரீபியத்து உயிர் என்றே நம்பினார்கள். 1972-இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் கண்டபோது அட்லாண்டிக்கிலிருந்து வந்த ஆக்கிரமிப்பு என்றார்கள். மரபணுவைப் பார்த்தபின், அதன் பூர்வீகம் இந்திய, பசிபிக் கடல்கள்தான் என்று தெரிந்தது. ஆக, நம் பக்கத்தில் அதை அந்நியம் என்பதா சொந்தம் என்பதா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மறுபுறம், டியூபாஸ்ட்ரியா என்ற ஆரஞ்சு நிறப் பவளம் நம் பக்கத்துக் கடல்களுக்குரியது. அது எண்ணெய்க் கிணற்று மேடைகளில் ஒட்டி 1980-களில் பிரேசிலுக்குப் போய், அங்கே முக்குளிப்பவர்கள் உளியும் சுத்தியலுமாக அதை உடைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் உடைந்த துண்டில் தழைக்கும்.

மைத்துனனின் தொட்டியில் ஐப்டேசியா முற்றிலும் ஒழியவில்லை. அவன் இப்போது சுண்ணாம்பைக் குறைத்துவிட்டு மீன் தீனியைக் குறைத்திருக்கிறான். முன்பு காலை, மாலை, நடுவில் விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு ஒருதடவை என்று போடுவான். மிச்சத்தைத் தின்றுதான் அவை கொழுத்தன. தீனி குறைந்தபின் பெருக்கம் நின்றது. பின்கண்ணாடியில் இருப்பவற்றை அவன் தொடுவதில்லை. பொத்தான்பூப் பக்கம் வருவதை மட்டும் ஊசியால் பார்த்துக்கொள்கிறான். ஒரு வீட்டுத் தொட்டிக்கு இது போதும் என்பதே என் அபிப்பிராயம். நாலடிக் கண்ணாடிக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்பது வீட்டுக்காரர் விருப்பம். அந்தத் தண்ணீர் கண்ணாடியைத் தாண்டும்போது அது அவர் விருப்பமாக இருப்பதில்லை. 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் தென்பட்ட கவ்லெர்ப்பா என்ற தொட்டிப்பாசி மத்தியதரைக்கடலின் அடித்தரையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அதே பாசி 2000-இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் விட்டு, ஆறு வருஷம் காவல் காத்து ஒழித்தார்கள்.

தொட்டியைக் கலைக்கிறவர்களுக்கு, முக்கியமாகத் தூத்துக்குடிக்காரர்களுக்கு: மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறொரு தொட்டிக்காரரிடம் கொடுங்கள். தண்ணீரையும் கல்லையும் கடலில் விடாதீர்கள், உப்பாற்று ஓடையிலும் விடாதீர்கள், ‘கடலிலிருந்து வந்தது கடலுக்கே போகட்டும்’ என்ற நல்லெண்ணத்தோடும் விடாதீர்கள். வாளியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கையுறை போட்டுக் கல்லை எடுத்து, ஆள் நடமாட்டமில்லாத மொட்டைமாடியில் இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள்.